ஒன்றரை விரல்

நாலு இருபதுக்கு வண்டி ஜாக்கியிலிருந்து இறங்கியது.

சக்கரங்கள் தரையைத் தொட்டதும் பின்பக்கத்துப் புது ஸ்பிரிங் பட்டைகள் பாரம் வாங்கி ஒருமுறை முனகி அடங்கின. காதர் மைதீன் கையைத் துடைத்துக்கொண்டே நாலடி தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடி வண்டியின் பின்புறத்தைப் பார்த்தார். பிறகு மறு கண்ணை மூடிப் பார்த்தார்.

"என்ன பாய்?" என்றான் அன்பரசன்.

அவர் குந்தி உட்கார்ந்தார். வலது பின்சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே தகரத்தின் விளிம்புவரை சாண் வைத்தார். ஒரு சாணும் ஆறு விரலும். எழுந்து இடது பக்கம் போனார். ஒரு சாணும் நாலரை விரலும்.

"இந்தப் பக்கம் ஒண்ணரை விரல் இறங்கியிருக்கு."

அன்பரசன் இப்படி ஏதாவது வரும் என்று எதிர்பார்த்திருந்தான். அதற்காகத்தான் பள்ளிக்கூட வேலைக்கு லீவு போட்டுவிட்டு மத்தியானத்திலிருந்து பட்டறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். பழைய பட்டையை அடித்து வளைத்து, கறுப்புப் பெயிண்ட் பூசி, புதுசு என்று மாட்டிவிடுகிற இடங்கள் உண்டு. அம்மாபேட்டை வட்டாரத்தில் பாய் யோக்கியர் என்று பெயர். அன்பரசனுக்கு அந்தப் பெயரிலேயே சந்தேகம்.

"இடது பக்கம் போட்டது புதுசுதானா?"

"என்ன கேட்டீங்க?"

"இல்ல, கேக்குறேன்."

"பழசுக்குப் பெயிண்ட் பூசி மாட்டுனேன்னா எங்க அத்தா கபர்லேர்ந்து எந்திரிச்சு வந்து என்னைய உதைப்பாரு தம்பி. கழட்டுன ரெண்டு செட்டும் அந்தா கெடக்கு. போய் எண்ணிக்கிங்க."

அன்பரசன் உண்மையிலேயே போய் எண்ணினான். குறையவில்லை. வலது செட்டில் துருவுக்கு அடியில் வில் போன்ற வளைவு இன்னும் இருந்தது. இடது செட்டில் வளைவே இல்லை. ஒவ்வொரு பட்டையும் தட்டையாக, அலமாரிப் பலகைபோல நேராகிக் கிடந்தது.

பாய் அவன் பின்னால் வந்து நின்றிருந்தார்.

"நானும் அதைத்தான் யோசிக்கிறேன். ஏழு வருஷமா ஷெட்டுல சும்மா நின்ன வண்டிங்கிறீங்க. ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான கெடணும்?"

"எனக்கு என்ன தெரியும்?"

"அதுவும் சரிதான்."

தரை சரிவாக இருக்கலாம் என்று வண்டியைத் திருப்பி நிறுத்தினார். இடதுதான் தாழ்ந்தது. மறுபடி ஜாக்கியில் ஏற்றி, இடது செட்டை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிப் போட்டார். ஒரு மணி நேரம் ஆயிற்று. இறக்கினார். இடதுதான் தாழ்ந்தது. அதே ஒன்றரை விரல்.

மழை விட்டிருந்தது. பட்டறைக் கூரையிலிருந்து சொட்டிய தண்ணீர் கீழே எண்ணெயில் விழுந்து வட்டவட்டமாக நிறம் காட்டியது. பாய் பீடி பற்றவைத்தார். எதிரில் இருந்த அரிசிக்கடையில் சொல்லி, இருபத்தைந்து கிலோ சிப்பம் இரண்டு கொண்டுவரச் செய்தார். இரண்டையும் பின் சீட்டின் வலது ஓரத்தில் வைத்து அளந்தார்.

"இப்பப் பாருங்க. சமம்." குனிந்து மறுபடி விரல் வைத்தார். "இல்ல, வலது ஒரு நூல் கூட இறங்குது. ரெண்டு கிலோ கூடிப்போச்சு. நாப்பத்தெட்டு வச்சா துல்லியமா நிக்கும்."

அன்பரசன் அரிசிச் சிப்பங்களைப் பார்த்தான்.

நாற்பத்தெட்டு. ஆஸ்பத்திரிச் சீட்டில் அப்பாவின் பெயருக்குக் கீழே எழுதியிருந்தது அதுதான். குஞ்சிதபாதம், எண்பத்தொன்று, எடை நாற்பத்தெட்டு.

"வண்டி ஒண்ணும் பண்ணாது. ஓட்டலாம்," என்றார் பாய். சிப்பங்களை இறக்கச் சொன்னார். இடது பக்கம் மெதுவாகத் தாழ்ந்தது. மூட்டையை இறக்கினால் துள்ளி எழுவதுபோல அல்ல. ஒருவர் சாய்ந்து வசதியாக உட்காருவதுபோல.

"நூறு கிலோமீட்டர் ஓடுனதும் கொண்டாங்க. பட்டையைப் பிடிச்சிருக்கிற யூ போல்ட்டைத் திருப்பி முறுக்கணும். ஆள் ஏத்தி ஓட்டுனாத்தான் பட்டை படியும். வெறும் வண்டியா ஓட்டாதீங்க." பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "இது வெறும் வண்டியா இருந்தா."

"என்ன பாய் பேசுறீங்க?"

"உங்க அப்பா என் சேக்காளி தம்பி. மிராசுதாருக்கு முப்பது வருஷம் இந்த வண்டியத்தான் ஓட்டுனாரு. அப்புறம் அவுங்ககிட்டயே வாங்குனாரு. வாங்கி ஓட்டிட்டு வந்த அன்னைக்கு மொதல்ல இங்கதான் நிறுத்துனாரு. பின் சீட்டுல உக்காருங்க அண்ணே, நான் ஒரு ரவுண்டு ஓட்டுறேன்னேன். மாட்டேன்னுட்டாரு."

அன்பரசன் சாவியை வாங்கக் கையை நீட்டினான். பாய் சாவியைக் கொடுக்காமல் உள்ளங்கையிலேயே வைத்திருந்தார்.

"கடைசியா ஆஸ்பத்திரிலேர்ந்து கொண்டுபோனீங்களே, அன்னைக்குத்தான் அவரு பின்னாடி உக்காந்திருந்ததப் பாத்தேன். இந்த வழியாத்தான் போனீங்க. ரெண்டு மணி இருக்கும். நான் கையத் தூக்குனேன். அவரும் தூக்குனாரு."

"நெனைவே இல்லாமத்தான் கொண்டுபோனேன் பாய்."

"அப்படியா?" என்றார். "உங்க ஊரு இங்கேர்ந்து பன்னெண்டு கிலோமீட்டர். ஏழு மணிக்கு வந்து சேர்ந்தாருன்னு சொன்னாங்க."

சாவியைக் கொடுத்தார். அது சூடாக இருந்தது.

*

நாளைக்கு மகள் தமிழ்நிலாவை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வர வேண்டும். குழந்தை பிறந்து ஐந்து நாள். கார் ஒன்று பேசிவிடுகிறேன் என்றுதான் அன்பரசன் சொன்னான். அவள் கேட்கவில்லை. பிள்ளை வீட்டுக்குள் வந்தால் தாத்தா காரில்தான் வரும், எத்தனை நாள் அதைச் சாக்குப் போட்டு மூடி வைப்பீர்கள் என்றாள். அவளை அவன் ஒருபோதும் மறுத்துப் பேசியதில்லை. அவளிடம் மறைத்ததும் ஒன்றே ஒன்றுதான்.

மெயின் ரோடு முடிந்து ஆற்றுக்கரைச் சாலையில் வண்டி ஏறியபோது ஆறு மணி ஆகவில்லை. வெளிச்சம் சேற்று நிறத்தில் இருந்தது. கரையின் ஒரு பக்கம் வெட்டாறு நுரைத்துப் போயிற்று, மறுபக்கம் நட்டு இருபது நாளான சம்பாப் பயிர் தண்ணீருக்கு மேல் விரற்கடை உயரம் நின்றது, தவளைகள் ஒரே குரலில் கத்தி, வண்டி நெருங்கியதும் அந்த இடத்தில் மட்டும் அடங்கி, கடந்ததும் மறுபடி தொடங்கின. எஞ்சின் சீராக ஓடிற்று. பள்ளங்களில் வலது பின்சக்கரம் புதுப் பட்டைக்கே உரிய விறைப்போடு துள்ளியது. இடது துள்ளவில்லை. பாரம் ஏற்றிய வண்டிபோல அமுங்கி, நிதானமாக எழுந்தது.

மதகுக்குப் பக்கத்தில் ஓர் இலுப்பை மரம். அன்பரசன் ஏழு வருஷமாக அதைப் பார்ப்பதில்லை. சைக்கிளில் போனாலும் பஸ்ஸில் போனாலும் அந்த இடத்தில் ஆற்றின் பக்கம் பார்ப்பான்.

மரம் நெருங்கியபோது பின்னால் சீட்டின் ஸ்பிரிங் கிரீச்சிட்டது. ஒருவர் இடுப்பை நகர்த்தி ஜன்னல் பக்கம் திரும்புகிற சத்தம்.

கண்ணாடியில் பார்த்தான். சீட் காலியாக இருந்தது. இடது ஜன்னல் கண்ணாடியில், முகம் இருக்கும் உயரத்தில், ஒரு கையகலத்துக்கு ஆவி படிந்திருந்தது.

அவன் வேகத்தைக் கூட்டினான். ஆவி சுருங்கிற்று. பிறகு விரிந்தது. சுருங்கிற்று.

வீட்டில் ஷெட்டுக்குள் வண்டியை விட்டுவிட்டு, கதவைப் பூட்டி, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தான். காலையில் திறந்ததும் குச்சி ஒன்றை ஒடித்து இரண்டு பக்கமும் அளந்தான். இடது அதே ஒன்றரை விரல் தாழ்ந்திருந்தது. பிறகு பின்கதவைத் திறந்து இடது சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்தான். இரவெல்லாம் மழை பெய்திருந்தது. ஸ்டியரிங் சில்லென்றிருந்தது. முன் சீட் சில்லென்றிருந்தது.

அந்த இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

*

வெளியே உயிர் போனவரை வீட்டுக்குள் ஏற்ற மாட்டார்கள். வாசலோடு சரி. அதனால்தான் டாக்டர் கைவிரித்ததும் எல்லாரும் அவசரமாகக் கிளம்புவது, உயிரோடு வீடு கொண்டுபோய்ச் சேர்க்க. ஏழு வருஷத்துக்கு முன் அப்பாவுக்கும் அப்படித்தான். இன்றைக்கு ராத்திரி தாண்டாது என்றார்கள். அன்பரசன் போன் செய்தான். சொந்தமெல்லாம் வீட்டில் கூடியது. நடுவீட்டில் கட்டில் போட்டு, கிண்ணத்தில் பால் எடுத்து வைத்தார்கள். முந்தின இரண்டு வருஷமும் அப்பாவைக் கழுவித் துடைத்தது அவன் மனைவி அம்சம். அவளுடைய விரலிடுக்கெல்லாம் புண்ணாகியிருந்தது.

அப்பாவைப் பின் சீட்டின் இடது ஓரத்தில் சாய்த்து உட்காரவைத்து, அன்பரசன் தனியாகத்தான் ஓட்டி வந்தான். அம்மாபேட்டை வந்ததும் ஜன்னல் காற்றில் அவர் கண்ணைத் திறந்தார். முகத்தில் நிறம் வந்தது.

"அன்பு, ஒரு டீ வாங்கிக் குடுடா."

இரண்டு வருஷத்தில் அவர் எதுவும் வேண்டும் என்று கேட்டதில்லை. அன்பரசன் வண்டியை ஓட்டிக்கொண்டே யோசித்தான். இன்னும் இரண்டு வருஷம் என்று யோசித்தான். மூன்றாகவும் இருக்கலாம் என்று யோசித்தான். மதகு வந்தது. இலுப்பை மர நிழலில் வண்டியை ஓரம்கட்டினான். எஞ்சினை அணைத்தான். எல்லாக் கண்ணாடியையும் ஏற்றினான். கதவுகளைச் சாத்திவிட்டு, மதகுச் சுவரில் போய் உட்கார்ந்தான். மூக்கில் செருகியிருந்த ஆக்சிஜன் குழாயை அவன் தொடவில்லை. சிலிண்டரின் திருகை மட்டும் மூடிவிட்டு வந்திருந்தான்.

மூடிய கண்ணாடிக்குள்ளிருந்து குரல் கேட்டது. நெடுநேரம் கேட்டது. ஒரே கேள்வி.

"வீடு வந்துடுச்சா?"

"இன்னும் கொஞ்ச தூரம்ப்பா," என்று அவன் மதகுச் சுவரிலிருந்தே ஒவ்வொரு தடவையும் சொன்னான்.

ஆறரைக்கு மேல் அவன் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வண்டியை எடுத்தான். வீட்டு வாசலில் உயிர் இருக்கு, உயிர் இருக்கு என்று கத்திக்கொண்டே அவரை இரண்டு கையிலும் ஏந்தி உள்ளே ஓடினான். கட்டிலில் கிடத்தினான். ஒவ்வொருவராக வந்து பால் ஊற்றினார்கள். கடைசியாகத் தமிழ்நிலா. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது.

*

பன்னிரண்டு மணிக்கு வெயில் வந்துவிட்டது. அம்சம் காலை பஸ்ஸிலேயே ஊருக்குப் போய்விட்டாள், வெந்நீர் போட, ஆரத்தி கரைக்க. அன்பரசன் ஆஸ்பத்திரி வாசலில் வலது பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

"இந்தப் பக்கம் உக்காரும்மா. எனக்கு நேர் பின்னாடி."

தமிழ்நிலா துணியில் சுற்றிய குழந்தையோடு ஏறினாள். அவன் பின்னால் போய்ப் பார்த்தான். வண்டி சமமாக நின்றது. அதைப் பார்த்து அவனுக்கு நிம்மதி வரவில்லை. தராசின் இரண்டு தட்டும் சமமாக நின்றால் இரண்டிலும் ஏதோ இருக்கிறது என்பதுதான் அர்த்தம் என்று பள்ளிக்கூட ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவனுக்குத் தெரியும்.

"என்னப்பா பாக்குறீங்க? டயர்ல காத்து இல்லியா?"

"இருக்கு இருக்கு."

"தாத்தா வாசம் அப்படியே இருக்குப்பா வண்டியில. அந்தத் தைலம், டெட்டால் எல்லாம்." அவள் குழந்தையிடம் குனிந்தாள். "உன் பூட்டன் வண்டிடா இது. கடைசிப் பால் நான்தான் ஊத்துனேன் தெரியுமா? எல்லாருக்கும் வாயோரமா வழிஞ்சுது. நான் ஊத்துனத முழுங்குனாரு. கண்ணால பாத்தேன்."

ஊரில் யாரும் அதை நம்பியதில்லை. அன்பரசனும் நம்பியதில்லை. ஏழு வருஷமாக, நம்பாமல் இருப்பதற்குப் பெரும்பாடு பட்டிருக்கிறான்.

சாலை கிழக்கே போயிற்று. ஐப்பசி வெயில் தெற்கிலிருந்து, வலது ஜன்னல் வழியாகச் சரிந்து விழுந்தது. அம்மாபேட்டைப் பட்டறை வாசலில் பாய் நின்றிருந்தார். வண்டியைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். அன்பரசனைப் பார்க்கவில்லை. தமிழ்நிலாவையும் பார்க்கவில்லை. இடது ஜன்னலைப் பார்த்துத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது.

"பிள்ளை மூஞ்சில வெயில் அடிக்குதுப்பா. நான் அந்தப் பக்கம் போயிக்கிறேன்."

"வேண்டாம்!"

அவன் கத்தியதில் குழந்தை உதறிக்கொண்டது.

"ஏம்பா இப்படிக் கத்துறீங்க? காலியாத்தான இருக்கு."

"ஒரு துண்டு போட்டு மறைச்சுக்கம்மா. முன்னாடி வேணா வந்துடு. வண்டிய நிறுத்துறேன்."

"நல்ல ஆளுப்பா நீங்க." சிரித்துக்கொண்டே அவள் நகர்ந்தாள். சீட் கிரீச்சிட்டது. இடது ஓரத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது இடது பக்கம் முழுக்கத் தாழ வேண்டும். அன்பரசன் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். வண்டி இடது பக்கம் சாயும், ஸ்டியரிங் கையில் இழுக்கும். பள்ளம் ஒன்று வந்தது. இரண்டு பின்சக்கரங்களும் ஒன்றுபோல அமுங்கி, ஒன்றுபோல எழுந்தன.

சமம்.

அவள் உட்கார இடம் விட்டு, அது நகர்ந்திருந்தது.

அவன் பிடரியில் மூச்சுப் பட்டது. பாலின் வாசம். புளித்த பால்.

கரைச் சாலை தொடங்கிற்று. வேறு வழி இல்லை. ஊருக்கு இது ஒன்றுதான் பாதை. பயிர்மேல் வெயில் பளபளத்தது. நாரைகள் நின்றன. வயலில் களை எடுக்கும் பெண்கள் நிமிர்ந்து பார்த்து மறுபடி குனிந்தார்கள். இத்தனை பேர். இத்தனை வெளிச்சம்.

"தமிழு."

பதில் இல்லை.

"தமிழு, தூங்கிட்டியா?"

கண்ணாடியைத் திருப்பினான்.

அவள் தூங்கியிருந்தாள். ஜன்னல் பக்கம் அல்ல. உள்பக்கமாகச் சாய்ந்திருந்தாள். தலை சீட்டில் படவில்லை. சீட்டின் நடுவே, ஒரு தோள் இருக்கும் உயரத்தில், வெறும் காற்றில் கன்னம் அழுந்தியிருந்தது. கன்னத்துச் சதை ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. வண்டி குலுங்கியது. தலை நழுவவில்லை.

மடியில் குழந்தை விழித்திருந்தது. பிறந்து ஐந்து நாள்தான். ஆனாலும் அதன் பார்வை ஓரிடத்தில் நின்றது. அவளுக்கு மேலே அல்ல. பக்கத்தில். கை துணிக்கு வெளியே நீண்டு, எதையோ இறுகப் பிடித்திருந்தது. விரல்கள் மூடவில்லை. நடுவே ஒரு விரல் பருமனுக்கு இடைவெளி.

வயசான விரல் பருமன்.

மதகு தெரிந்தது. இலுப்பை மரம். நிழல்.

அவன் ஆக்ஸிலேட்டரை மிதித்தான். எஞ்சின் சத்தம் கூடியது. வேகம் கூடவில்லை. பின்பக்கம் தாழ்ந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும். மெதுவாக. முன் கண்ணாடியில் சாலை கீழிறங்கி, மரக்கிளைகள் நிறைந்தன. எல்லா ஜன்னலிலும் ஆவி படிந்தது. தானாக ஏறிய கண்ணாடிகள். அவன் ஏற்றவில்லை. நிழலுக்குள் வந்ததும் எஞ்சின் அணைந்தது.

தவளைகள் அடங்கின.

கதவைத் திறக்கப் பார்த்தான். கைப்பிடி சுழன்றது. கதவு அசையவில்லை. பின்னால் மகளின் மூச்சு கேட்டது. சீராக. குழந்தையின் மூச்சு. சின்னதாக, வேகமாக. மூன்றாவது மூச்சு. இழுத்து, நின்று, இழுத்து.

தமிழ்நிலாவின் மூச்சு ஒருமுறை தடுக்கியது.

வீடு இன்னும் ஒரு கிலோமீட்டர். அம்சம் வாசலில் ஆரத்தித் தட்டோடு நிற்பாள்.

அவன் தோளில் ஒரு கை விழுந்தது. கனமே இல்லாத கை. காதோரம் வாய் வந்தது.

"அன்பு. வீடு வந்துடுச்சாடா?"